குத்தூசி போடாமல் மடிக்கணினி வாங்காதீர்!

(பசுவந்தனை நவதானிய மொத்த வியாபாரி ஒருவர் எழுதுவது)

நம் கரிசல் காட்டில் மாசி மாதம் எப்படி இருக்கும் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உளுந்தும் பாசியும் ஓய்ந்து, மல்லியும் வத்தலும் வந்து இறங்குகிற நேரம். கடை வாசலில் டிராக்டர் நிற்கும். எடைக்காரர் குரல் தெருமுனை வரை கேட்கும். 2024-ஆம் ஆண்டு மாசியில் அப்படி ஒரு காலை வேளையில் எங்கள் கணக்கர் மடிக்கணினியைத் திறந்தார். திறந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கணக்குக் கோப்புகள் ஒன்றுகூடத் திறக்கவில்லை. எல்லாவற்றின் பெயரும் மாறியிருந்தது. திரையில் ஆங்கிலத்தில் ஒரு அறிவிப்பு: பணம் கட்டினால் பூட்டைத் திறந்து விடுகிறோம், இல்லையேல் எல்லாம் போயிற்று என்று.

விருதுநகருக்குப் போக வேண்டிய லாரி பாரம் ஏற்றி நின்றது. பில்லைக் கையால் எழுதி, இ-வே பில்லைப் பக்கத்துக் கடைக்காரர் கணினியில் போட்டு லாரியை அனுப்பிவிட்டோம். அது பெரிய காரியமில்லை. போனது மூன்று மாதப் பற்று வரவு. எந்தச் சம்சாரிக்கு விதைக்கும் உரத்துக்கும் எவ்வளவு முன்பணம் கொடுத்தோம், யார் எத்தனை மூட்டை போட்டார், எடைக்கூலி போக நாம் தர வேண்டியது எவ்வளவு என்ற விவரம் அத்தனையும் அந்தப் பெட்டிக்குள் இருந்தது.

கணக்கரின் பழைய பழக்கம் எங்களைப் பாதி காப்பாற்றியது. அவர் எடைச் சிட்டையைக் கிழித்துப் போடாமல் கம்பியில் குத்தி வைத்திருந்தார். எடை கிடைத்தது. ரொக்கம் கொடுத்ததும் வாங்கியதும் முழுமையாகக் கிடைக்கவில்லை. ஒரு சம்சாரி தனக்கு இன்னும் பதினாலாயிரம் வர வேண்டும் என்றார். இல்லை என்று சொல்ல என்னிடம் ஏடு இல்லை. கொடுத்தேன். இன்னொருவர் தானாகவே வந்து, "அண்ணாச்சி, நான் ஆறாயிரம் தரணும். உங்க பெட்டி மறந்தாலும் எனக்கு மறக்காதில்ல" என்று சொல்லிப் பணத்தை மேசைமேல் வைத்தார். நாற்பது வருட வியாபாரத்தில் நான் அவ்வளவு வெட்கப்பட்ட நாள் வேறில்லை. என் கணக்கை நான் வைத்திருக்க வேண்டியது போக, கொடுக்க வேண்டியவர் என் கணக்கைச் சுமந்துகொண்டு வரும்படி ஆயிற்று.

அந்த அனுபவத்தால்தான் இந்தக் கட்டுரை. கடைக்கு மடிக்கணினி வாங்குவது பற்றியும், அதில் லினக்ஸ் என்ற இயக்க முறையைப் போடுவது பற்றியும் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நான் பள்ளிப் படிப்போடு தராசைப் பிடித்தவன், இன்ஜினியர் அல்ல. ஆனால் சரக்கு பார்த்து வாங்கத் தெரியும். இதுவும் ஒரு சரக்குதான்.

குற்றம் யாருடையது?

முதலில் என் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். அந்த மடிக்கணினியில் இருந்த விண்டோஸும் கணக்கு சாப்ட்வேரும் காசு கொடுத்து வாங்கியவை அல்ல. ரிப்பேர் பார்க்க வந்த ஒருவர் ஐந்நூறு ரூபாய்க்கு "எல்லாம் போட்டுத் தாரேன்" என்றார். நானும் சரி என்றேன். திருட்டுப் பூட்டு உடைக்கும் நிரல் ஒன்றையும் சேர்த்துத்தான் அவர் போட்டார் என்பதும், அதற்காகவே வைரஸ் தடுப்பை அணைத்து வைத்தார் என்பதும் பிறகுதான் தெரிந்தது. கதவைத் திறந்து போட்டுவிட்டுத் திருடனைத் திட்டி என்ன பயன்?

இது நம்மில் பலருடைய கடையில் நடப்பது. ஆனால் சட்டம் என்ன சொல்கிறது என்று பலருக்குத் தெரியாது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 63-பி பிரிவின்படி, திருட்டு நகல் என்று தெரிந்தே ஒரு கணினி நிரலைப் பயன்படுத்துவது குற்றம். 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். தொழிலுக்காகப் பயன்படுத்தினால் நீதிமன்றம் சலுகை காட்டவும் இடம் குறைவு. இன்னொரு பக்கம் ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36-ஆவது பிரிவு, கணக்குகளை ஆண்டு ரிட்டன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதம் வரை வைத்திருக்கச் சொல்கிறது. வைரஸ் தின்றுவிட்டது என்று அதிகாரியிடம் சொல்லிப் பாருங்கள்.

இத்தோடு மூன்றாவது ஒரு நெருக்கடியும் சேர்ந்துள்ளது. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் கொடுத்துவந்த இலவசப் பாதுகாப்பு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால் அதற்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், பொதுவாக இன்டெல் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸரும் வேண்டும். நம் கடைகளில் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் எத்தனையோ பெட்டிகள் இந்த ஒரு விதியால் காயலான் கடைக்குப் போகும் நிலை. எருதுக்கு வலு இருக்கும்போதே நுகத்தடி பொருந்தவில்லை என்று அடிமாட்டுக்கு அனுப்புவது போன்றது இது.

லினக்ஸ் என்பது என்ன?

1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி முதலியோர் யூனிக்ஸ் என்ற இயக்க முறையை உருவாக்கினார்கள். 1980-களின் கடைசியிலும் 90-களிலும் நம் வங்கிக் கிளைகளுக்குள் நுழைந்த கம்ப்யூட்டர்கள் பலவற்றில் ஓடியது அந்த யூனிக்ஸ்தான். அது விலை கூடியது. 1991-இல் பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் அதே போக்கில் ஒரு கருவை எழுதி எல்லோருக்கும் திறந்து வைத்தார். அதற்கு முன்பே 1983-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் தொடங்கிய குனு திட்டத்தின் கருவிகளும் அத்துடன் சேர்ந்தன. அதுதான் லினக்ஸ். டெபியன், உபுண்டு, லினக்ஸ் மின்ட், நம் நாட்டு பாஸ் என்பவையெல்லாம் அதே சரக்கை வேறு வேறு சிப்பமாகக் கட்டிக் கொடுப்பவை.

இலவசம் என்றால் நம் ஆட்களுக்குச் சந்தேகம் வரும். ஓசிச் சரக்கில் கல் இருக்கும் என்பார்கள். இதை ஊருணியோடு ஒப்பிட்டால் விளங்கும். ஊருணித் தண்ணீருக்கு யாரும் காசு வாங்குவதில்லை. அதற்காக அது மட்டமான தண்ணீர் ஆகிவிடாது. அதைத் தூர் வாருகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களும் அதில்தான் குடிக்கிறார்கள். லினக்ஸில் பெரிய பெரிய கம்பெனிகள் சம்பளம் கொடுத்து ஆள் வைத்து வேலை செய்வது, அவர்கள் பிழைப்பும் அதன்மேல் நடப்பதால்தான். உங்கள் சட்டைப்பையில் ஆண்ட்ராய்டு போன் இருந்தால் அதன் அடியில் ஓடுவதும் லினக்ஸ் கருவே. யூ.பி.ஐ.யில் ரொக்கம் வாங்குகிறபோதெல்லாம் அதை நம்பித்தானே வாங்குகிறோம்?

அரசாங்கம் செய்து பார்த்தது

இது நமக்குப் புதிதல்ல. 2006-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தமிழக அரசின் எல்காட் நிறுவனம், அப்போது அதன் நிர்வாக இயக்குநராக இருந்த உமாசங்கர் ஐ.ஏ.எஸ். முயற்சியால், தன் அலுவலகக் கணினிகளைச் சூசே லினக்ஸுக்கு மாற்றியது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு பாஸ் லினக்ஸை உருவாக்கி 2007-இல் வெளியிட்டது. 2014 ஏப்ரல் 8-ஆம் தேதி விண்டோஸ் எக்ஸ்.பி.க்கு ஆதரவு நின்றபோது, அரசுத் துறைகள் பாஸ் லினக்ஸுக்கு மாறலாம் என்று தமிழக அரசு அறிவுறுத்தியது. 2011 செப்டம்பர் 15-ஆம் தேதி தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் பிள்ளைகளுக்குக் கிடைத்த பெட்டிகளிலும் லினக்ஸ் இருந்தது.

அந்தப் பெட்டிகளுக்கு என்ன ஆயிற்று? எங்கள் ஊரில் நான் கண்டதைச் சொல்கிறேன். பிள்ளைகள் அதை வாங்கிய வாரத்திலேயே, ஏதாவது ஒரு கடையில் கொடுத்து லினக்ஸை எடுத்துவிட்டுத் திருட்டு விண்டோஸ் போட்டுக்கொண்டார்கள். லினக்ஸில் குறை இருந்ததாலா? இல்லை. அதை வைத்து என்ன செய்வதென்று காட்டிக் கொடுக்க ஆள் இல்லை. பக்கத்துக் கேரளத்தைப் பாருங்கள். அங்கே பள்ளிகளில் லினக்ஸைக் கொண்டுவந்தபோது ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். பாடப் புத்தகத்தையே அதற்கு ஏற்ப எழுதினார்கள். அங்கே அது நிலைத்தது.

ஆகவே பாடம் இரண்டு. ஒன்று, பெட்டியும் லினக்ஸும் ஒன்றுக்கொன்று பொருந்துமா என்று வாங்கும் முன்பே பார்க்க வேண்டும். இரண்டு, பின்னால் நின்று காட்டிக் கொடுக்க ஆள் வேண்டும். இதில் எது இல்லாவிட்டாலும் காசு வீண்.

யாருக்கு ஆகும், யாருக்கு ஆகாது?

எல்லோரும் லினக்ஸுக்கு மாறுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பிறர் கடையை மூடும் யோசனையை வியாபாரி சொல்லக் கூடாது.

டேலி விண்டோஸுக்காக எழுதப்பட்டது. லினக்ஸில் அது நேராக ஓடாது. ஒயின் என்ற இடைச் சாதனத்தின் மேல் ஏற்றி ஓட்டுகிறவர்கள் உண்டு. தினசரி பில் போடும் கடைக்கு அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். உங்கள் கடை முழுக்க டேலியில் நடந்தால், முறையாக உரிமம் வாங்கி விண்டோஸிலேயே இருங்கள். கம்பெனியாகப் பதிவு செய்து டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் செருகி ரிட்டன் போடுகிறவர்கள், அந்த டோக்கனுக்கு லினக்ஸில் ஓடும் மென்பொருள் உண்டா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். ஜி.எஸ்.டி. ஆப்லைன் கருவியும் விண்டோஸுக்கென்றே செய்தது.

ஆனால் என்னைப் போன்ற தனி உரிமையாளர் கடை வேறு. எனக்கு வேண்டியவை: ஜி.எஸ்.டி. தளம், இ-வே பில் தளம், வங்கித் தளம். இவை மூன்றும் பிரவுசரில் நடப்பவை. பயர்பாக்ஸோ குரோமோ லினக்ஸிலும் அப்படியே ஓடுகிறது. ரிட்டனுக்குப் போனில் வரும் ஓ.டி.பி. போதும். பற்று வரவுக்கும் சிட்டைக்கும் லிப்ரே ஆபீஸ் என்ற இலவச அட்டவணை நிரல் இருக்கிறது. மாதம் முடிந்ததும் அந்தக் கோப்பைக் கோவில்பட்டி ஆடிட்டருக்கு அனுப்புகிறோம். அவர் தம் டேலியில் ஏற்றிக்கொள்கிறார். முழுக் கணக்கையும் லினக்ஸிலேயே வைக்க விரும்புவோருக்கு ஜி.என்.யூ.காத்தா, இ.ஆர்.பி.நெக்ஸ்ட் என்று நம் நாட்டில் உருவானவையே உண்டு. அவற்றை ஏற்கும் முன் உங்கள் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

சந்தைக்குப் போனபோது

பெட்டி வாங்க என் அக்காள் மகனைக் கூட்டிக்கொண்டு மதுரைக்குப் போனேன். அவன் கோவில்பட்டியில் படித்து வேலைக்குப் போனவன். பஸ்ஸிலேயே ஒரு பென் டிரைவைக் காட்டினான். "மாமா, நீங்க மூட்டையிலே குத்தூசி போட்டுப் பார்ப்பீங்கள்ல, அது மாதிரிதான் இது" என்றான்.

அவன் சொன்னது எனக்கு உடனே விளங்கியது. மூட்டை வாய் அவிழ்க்காமல் நடு வயிற்றில் குத்தூசியைச் செருகி நாலு மணி எடுத்துப் பார்க்கிறோம். மேலே நல்லது, உள்ளே சொத்தை என்றால் அப்போதே தெரிந்துவிடும். லினக்ஸும் அப்படித்தான். பென் டிரைவில் ஏற்றிவந்து, கடைக்காரர் பெட்டியில் செருகி, உள்ளே இருப்பதை ஒன்றும் அழிக்காமல் அதிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். விண்டோஸில் இந்த வசதி வாடிக்கையாளருக்குக் கிடையாது.

முதலில் பார்த்த கடையில் பளபளவென்று புதுப் பெட்டி. விளையாட்டுக்கான தனி கிராபிக்ஸ் கார்டு வேறு. பென் டிரைவைச் செருகினோம். படம் வந்தது, வை-பை வரவில்லை. கடைக்காரர், "அதெல்லாம் பிறகு சரி பண்ணிக்கலாம் சார்" என்றார். பிறகு சரி பண்ணிக்கலாம் என்று சொல்கிற சரக்கை நாங்கள் எந்தக் காலத்திலும் வாங்குவதில்லை. எழுந்து வந்துவிட்டோம்.

அடுத்தது, கம்பெனிகள் சில ஆண்டு பயன்படுத்திவிட்டு விற்கும் பெட்டிகளைத் துடைத்துச் சரிபார்த்து விற்கும் கடை. அங்கே ஒரு பழைய திங்க்பேட். பென் டிரைவைச் செருகியதும் வை-பை, ஒலி, கேமரா, திரை வெளிச்சம் கூட்டும் விசை எல்லாம் வேலை செய்தன. மூடி வைத்துத் திறந்தோம். தூக்கத்திலிருந்து சரியாக எழுந்தது. 22,000 ரூபாய்க்கு முடித்தோம்.

கவனிக்க வேண்டியவை

அன்று கற்றதையும் இந்த ஒன்றரை ஆண்டில் கற்றதையும் சேர்த்து வரிசையாகத் தருகிறேன்.

1. பெட்டியின் பெயரை விட உள்ளே இருக்கும் சில்லைப் பாருங்கள். வை-பை கார்டு இன்டெல் என்றால் பெரும்பாலும் தொல்லை இல்லை. அதற்கான டிரைவர் லினக்ஸோடு சேர்ந்தே வருகிறது. பிராட்காம் கார்டுகளும் சில ரியல்டெக் கார்டுகளும் தலைவலி கொடுப்பவை. ஒரே மாடல் பெயரில் ஒரு பெட்டியில் ஒரு கார்டும், இன்னொன்றில் வேறு கார்டும் இருக்கலாம். ஆகவே நண்பர் வாங்கியதையே வாங்கினாலும் குத்தூசி போடத் தவறாதீர்கள்.

2. கிராபிக்ஸ், பிராசஸரோடு சேர்ந்து வரும் இன்டெல் அல்லது ஏ.எம்.டி. போதும். என்விடியா தனிக் கார்டுக்குத் தனி டிரைவர் போட்டுப் பராமரிக்க வேண்டும். உளுந்து பில்லுக்கு அது எதற்கு? ஸ்நாப்டிராகன் பிராசஸர் போட்ட புதுவகை மடிக்கணினிகள் லினக்ஸுக்கு இன்னும் முழுதாகப் பழகவில்லை, தவிர்த்துவிடுங்கள்.

3. நேற்று வந்த மாடல் வேண்டாம். சந்தைக்கு வந்து ஓராண்டாவது ஆனதை வாங்குங்கள். புதுச் சில்லுக்கு லினக்ஸில் ஆதரவு வந்து சேரக் கொஞ்ச காலம் பிடிக்கும். உபுண்டுவை வெளியிடும் கெனானிக்கல் நிறுவனம், தான் சோதித்துச் சான்றளித்த மாடல்களின் பட்டியலை வைத்திருக்கிறது. அதில் பெரும்பாலும் திங்க்பேட், லாட்டிடியூட், எலைட்புக் போன்ற அலுவலக வரிசைகளே இருக்கும். பழைய சந்தையில் நமக்குக் கிடைப்பவையும் அவைதான்.

4. நினைவகம் 8 ஜி.பி. இருக்கட்டும், எஸ்.எஸ்.டி. 256 ஜி.பி. தாராளம். நினைவகத்தைப் பிறகு கூட்ட இடம் உண்டா, பலகையோடு ஒட்டியதா என்று கேளுங்கள்.

5. நம் கடைக்கென்று ஒரு விதி. மல்லித் தூசியும் வத்தல் நெடியும் கரிசல் புழுதியும் சேர்ந்து மின்விசிறியை அடைக்கும். அடித்தகட்டைத் திருகாணி கழற்றித் திறந்து துடைக்கக்கூடிய பெட்டியாக வாங்குங்கள். விசைப்பலகையும் பேட்டரியும் தனியாகக் கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். மின்சாரம் போய் வரும் ஊரில் பேட்டரிதான் உயிர். பழைய பெட்டியில் பேட்டரி முதலில் எவ்வளவு பிடித்தது, இப்போது எவ்வளவு பிடிக்கிறது என்பதை லினக்ஸே காட்டும். பாதிக்குக் கீழ் என்றால் புது பேட்டரி விலையைக் கழித்துப் பேசுங்கள்.

6. பிரிண்டரையும் தராசையும் மறக்காதீர்கள். எப்சன் முறையில் இயங்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்கள் லினக்ஸில் நன்றாக ஓடுகின்றன. லேசர் பிரிண்டர்களில் சில விண்டோஸ் டிரைவரை மட்டுமே நம்பியவை. மின்னணுத் தராசின் சீரியல் கம்பியை யூ.எஸ்.பி.யாக மாற்றும் இணைப்புகள் பெரும்பாலும் டிரைவர் கேட்காமலே வேலை செய்யும். கைரேகைப் பட்டை பல பெட்டிகளில் வேலை செய்யாது. அதற்குக் காசு கூடக் கொடுக்காதீர்கள்.

7. பழைய பெட்டி என்றால் பயாஸ் பாஸ்வேர்டு நீக்கப்பட்டிருக்கிறதா என்று உங்கள் கண்ணெதிரே திறந்து காட்டச் சொல்லுங்கள். புதிய பெட்டிகள் சிலவற்றில் லினக்ஸுக்கு ஹார்டு டிஸ்க்கே தெரியாது. அது கோளாறு அல்ல, இன்டெல் ஆர்.எஸ்.டி. என்று வைத்திருப்பதை பயாஸில் மாற்ற வேண்டியிருக்கும். விண்டோஸ் ஏற்கெனவே இருந்தால் விவரம் தெரிந்தவரை வைத்தே அதைச் செய்யுங்கள்.

8. உரிமத்தோடு வந்த விண்டோஸை அழிக்க வேண்டியதில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் பிட்லாக்கர் பூட்டு போட்டிருந்தால் அதன் மீட்புச் சாவி எண்ணை முதலில் காகிதத்தில் எழுதி இரும்புப் பெட்டியில் வையுங்கள்.

9. பில் வாங்குங்கள். மடிக்கணினிக்கு 18 சதவீதம் வரி. கடைக்கு வாங்கினால் வரி வரவு எடுக்கலாம். ஆனால் பழைய பொருள் வியாபாரி லாபத் தொகைக்கு மட்டும் வரி கட்டும் முறையில் இருந்தால் நமக்கு வரவு கிடையாது. பில்லில் வரி தனியாகக் காட்டியிருக்கிறதா என்று பார்த்து விலை பேசுங்கள்.

10. லினக்ஸில் நீண்ட கால ஆதரவு உள்ள பதிப்பைப் போடுங்கள். 2024 ஏப்ரலில் வந்த உபுண்டு 24.04-க்கு 2029 வரை பாதுகாப்புத் திருத்தம் உண்டு. ஆறு மாதத்துக்கு ஒன்று மாற்றும் ஆசை நமக்கு வேண்டாம்.

பட்ட பாட்டையும் சொல்கிறேன்

எல்லாம் இனித்தது என்று சொன்னால் பொய். முதல் மாதம் எங்கள் கணக்கர் என்னோடு பேசவில்லை. பொத்தான்கள் இடம் மாறியிருந்தன. பில் அச்சடித்தால் ஒரு வரி கீழே தள்ளி விழுந்தது; காகித அளவைச் சரி செய்ய மூன்று நாள் ஆயிற்று. ஆடிட்டர் அனுப்பிய எக்செல் கோப்பு ஒன்று லிப்ரே ஆபீஸில் கோணலாக நின்றது. அக்காள் மகன் போனிலேயே ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தான். அவன் இல்லாவிட்டால் நானும் பிள்ளைகளைப் போல லினக்ஸை எடுத்துவிட்டிருப்பேன்.

இப்போது கணக்கர் தமிழ்99 விசைப்பலகையில் சம்சாரிகள் பெயரைத் தமிழிலேயே அடிக்கிறார். அதற்குத் தனியாக எதுவும் விலைக்கு வாங்கவில்லை. ஒரு முழு வெள்ளாமைப் பருவம் தாண்டியும் பெட்டி மெதுவாகவில்லை.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். லினக்ஸில் வைரஸே வராது என்று சிலர் பேசுகிறார்கள். அது சரியல்ல. தொல்லை வெகுவாகக் குறைவு என்பதே உண்மை. ஹார்டு டிஸ்க் செத்தால் லினக்ஸும் சாகும். சுமைக்காரர் தண்ணீர் செம்பைத் தட்டிவிட்டாலும் சாகும். எந்த முறை வைத்தாலும் நகல் எடுப்பதுதான் காப்பு. நாங்கள் தினமும் கடை சாத்தும் முன் ஒரு பென் டிரைவில் நகல் எடுத்துக் கழற்றிவிடுகிறோம். சனிக்கிழமை இன்னொன்றில் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோகிறோம். பற்று வரவு மட்டும் வாரம் ஒருமுறை காகிதத்தில் அச்சடிக்கிறோம். செருகியே வைத்திருக்கும் நகலை வைரஸ் சேர்த்தே தின்னும் என்பதை நினைவில் வையுங்கள்.

சங்கம் என்ன செய்ய வேண்டும்?

"கெட்டுப் போனால் பார்க்க ஆள் யார்?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. விண்டோஸ் பார்க்கத் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார். லினக்ஸ் பார்க்கிறவர் என்று எனக்குத் தெரிந்து எங்கள் ஊரில் இல்லை. தனி ஆளுக்கு அக்காள் மகன் வாய்க்கலாம், எல்லோருக்கும் வாய்க்காது. சங்கம் இருப்பது அதற்குத்தானே?

என் யோசனை இதுதான். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்கக் கட்டடத்தில் இரண்டு மணி நேரம் ஒதுக்க வேண்டும். கோவில்பட்டியில் நேஷனல் இன்ஜினியரிங் கல்லூரி இருக்கிறது. சுற்றிலும் பாலிடெக்னிக்குகள் இருக்கின்றன. அங்கே லினக்ஸ் படிக்கும் பிள்ளைகளை அழைத்து, சாப்பாடும் மரியாதையும் கொடுத்து, நம் பெட்டிகளைக் காட்டலாம். தமிழில் படித்துத் தெரிந்துகொள்ள 2012 முதல் கணியம் என்ற மின்னிதழ் லினக்ஸ் பற்றி எழுதிவருகிறது. சங்கத்தில் ஒரு நோட்டு வைத்து, எந்த உறுப்பினர் எந்த மாடல் வாங்கினார், எது ஓடியது, எந்தப் பிரிண்டர் ஓடவில்லை என்று எழுதிவந்தால், அடுத்து வாங்குகிறவர் ஏமாற மாட்டார். அப்படி வைக்கும் நோட்டில் முதல் பக்கத்தை நான் எழுதித் தருகிறேன்.

வாங்குவதற்கு அவசரம் வேண்டாம். உங்கள் வீட்டுப் பரணில் பிள்ளைகள் படித்த காலத்து இலவச மடிக்கணினி ஒன்று கிடக்கும். முதலில் அதை இறக்கித் தூசி தட்டுங்கள். இலகுவான லினக்ஸ் ஒன்றைப் போட்டுப் பழகுங்கள். நினைவகம் குறைவு என்பதால் ஜி.எஸ்.டி. தளம் அதில் நொண்டும். கடை நடத்த அது போதாது. ஆனால் கை பழக அது போதும். பழகியபின் பிடித்திருந்தால் சந்தைக்குப் போங்கள். பிடிக்காவிட்டால் ஒரு பைசா நஷ்டமில்லை.

பெரியவர்கள் கடையில் பேரேட்டைக் கல்லாப் பெட்டிக்கு மேலாகக் காப்பாற்றினார்கள். கல்லாவில் இருப்பது நம் பணம். பேரேட்டில் இருப்பது ஊராருக்கும் நமக்கும் உள்ள நம்பிக்கை. அதை ஐந்நூறு ரூபாய்த் திருட்டு நகலில் வைத்துப் பூட்டிவிட்டுத் தூங்கினேன். அதற்கு ஒரு சம்சாரி ஆறாயிரம் ரூபாயைக் கொண்டுவந்து வைத்து எனக்குப் பாடம் சொன்னார். நீங்கள் லினக்ஸ் போடுங்கள், அல்லது காசு கொடுத்து விண்டோஸ் வாங்குங்கள். எதுவானாலும் நேர்மையாக வாங்கியதாக இருக்கட்டும், வாங்கும் முன் குத்தூசி போட்டுப் பார்த்ததாக இருக்கட்டும், இரவில் நகல் எடுத்ததாக இருக்கட்டும்.